இங்கிலாந்துக்கு வந்த பெண்களுக்கு: கர்ப்பப்பை வாயில் பாலிப் என்றால் என்ன செய்வது?

மாதவிடாய் முடிந்து பத்து நாள் கழித்து லேசாக ரத்தம் பட்டால் நம் வீடுகளில் முதல் வைத்தியம் வெந்தயம்தான். "உடம்புச் சூடு" என்று ஊறவைத்துக் குடித்துவிட்டு, ஊருக்குப் போகும்போது டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். அப்படித் தள்ளிப்போடாதீர்கள். பாலிப் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நம்மூர் போல நேராக மகப்பேறு மருத்துவரிடம் போய் உட்கார இங்கே முடியாது. எல்லாம் ஜிபி எனப்படும் பொது மருத்துவர் வழியாகத்தான். ஆகவே வந்ததும் பக்கத்து ஜிபியில் பதிந்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று காரணம் சொல்லிப் பதிவை மறுக்கக் கூடாது என்பது விதி. போன் செய்தால் ரிசப்ஷனில் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். யாரிடம் அனுப்புவது என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம். "ப்ளீடிங் பிட்வீன் பீரியட்ஸ்" என்று சொன்னால் போதும். பெண் டாக்டர் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் அப்போதே சொல்லுங்கள். மொழிபெயர்ப்புக்குக் காசு கிடையாது. கணவரையோ பிள்ளையையோ நடுவில் வைத்துப் பேச வேண்டியதில்லை.

பாலிப் என்பது கர்ப்பப்பை வாயில் காம்போடு தொங்கும் சின்னச் சதை. சிவப்பாக, பெரும்பாலும் குன்றிமணி அளவில் இருக்கும்; தொட்டாலே ரத்தம் கசியும். உடலுறவுக்குப் பிறகு ரத்தம் படுவது அதனால்தான். வெள்ளைப்படுதலும் கூடலாம். பலருக்கு எந்தத் தொந்தரவும் இராது. ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான விடை இல்லை. நாள்பட்ட அழற்சியும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் காரணமாகலாம் என்கிறார்கள். பிள்ளை பெற்ற, நாற்பது ஐம்பது வயதுப் பெண்களிடம் அதிகம். ஒழுக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாமியார் ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புற்றுநோயாக இருப்பது மிக அரிது.

அகற்றுவது சில நிமிட வேலை, பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டாம். யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, இடுக்கியால் காம்பைப் பிடித்துத் திருகி எடுத்துவிடுவார்கள். மாதவிடாய் வலி போல ஒரு இழுப்பு இருக்கும். ரத்தம் நிற்க அடிப்பகுதியில் சில்வர் நைட்ரேட் தடவினால், அடுத்த ஓரிரு நாள் கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ கசிவு வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை; பேடைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சில நாள் டாம்பன், உடலுறவு வேண்டாம். ரத்தம் கொட்டினாலோ காய்ச்சல், துர்நாற்றம் இருந்தாலோ மருத்துவ உதவி எண்ணான 111க்குப் போன் செய்யுங்கள். எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும். பிறகும் முளைக்கலாம். கர்ப்பமாக இருந்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவைப்பார்கள்.

25 முதல் 64 வயது வரை ஸ்மியர் டெஸ்டுக்கு (கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை) அழைப்பு வரும், கட்டாயம் போங்கள். ஆனால் அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெச்பிவி வைரஸுக்கான சோதனை. "ஸ்மியர் நார்மல்" என்று வந்தாலும் ரத்தம் படுவதை ஜிபியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ரத்தம் பட்டால் பாலிப் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். கர்ப்பப்பையின் உட்சுவரை ஸ்கேனில் பார்ப்பார்கள். வரும் கடிதத்தில் "சஸ்பெக்டட் கேன்சர்" என்று இருக்கலாம். அது சீக்கிரம் பார்ப்பதற்கான வரிசையின் பெயர். அந்த வரிசையில் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

அம்மாவை விசிட்டர் விசாவில் அழைப்பவர்களுக்கு ஒன்று. ஜிபியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் மருத்துவமனையில் ஸ்கேன், சிகிச்சை என்று போனால் என்ஹெச்எஸ் (இங்குள்ள அரசு மருத்துவ சேவை) விலையில் 150 சதவீதம் பில் வரும். விமானம் ஏறும் முன்பே பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள். ரத்தம் ஏதும் படுகிறதா என்று அங்கேயே கேட்டும்விடுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்.