மங்காத விண்மீனை மங்கக் கண்ட கதை: மாறும் விண்மீன் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதம். மழை விட்டு, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்த ஓர் இரவு. வெளிச்சம் கூடிக் குறையும் 'மாறும் விண்மீன்'களில் ஒன்றான அல்கோல் அன்று 21:30க்கு மிக மங்கலாக இருக்கும் என்றது இணையத்தில் எடுத்த அட்டவணை. ஒன்பதரைக்கு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கார்த்திகைக் கூட்டத்துக்கு வடக்கே, சற்று மேற்காக நின்றது. மங்கித்தான் இருந்தது. பொலிவெண் (விண்மீனின் வெளிச்ச அளவு; எண் கூடினால் வெளிச்சம் குறைவு) 3.2 என்று கொப்பியில் எழுதிவிட்டுப் பெருமையோடு போய்ப் படுத்தேன்.

அட்டவணையில் இருந்தது உலக நேரம் (கிரீனிச் நேரம்) என்பது மறுநாள்தான் உறைத்தது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அப்படியென்றால் எங்களுக்கு விடியப்புறம் 3 மணி. அந்த நேரம் அல்கோலே யாழ்ப்பாணத்து அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். மங்கலான துணை விண்மீன் ஒன்று 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் வந்து அல்கோலை மறைக்கிறது. பொலிவெண் 2.1இலிருந்து 3.4 வரை போகும். மங்கத் தொடங்கி மீளச் சுமார் 10 மணித்தியாலம். ஆக, நான் பார்த்த நேரம் அது மங்கவே தொடங்கியிருக்காது. முழு வெளிச்சத்தில் நின்ற விண்மீனைப் பார்த்துவிட்டு அட்டவணையை எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தத் துறையில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பது என் எண்ணம். தொலைநோக்கி சின்னது, ஊர் வெளிச்சம் கூட என்றெல்லாம் குறைப்படுகிறோம். எதிர்பார்ப்பு செய்கிற கூத்தோடு ஒப்பிட்டால் அவை ஒன்றுமே இல்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டு வெளியே போகாதீர்கள். நேற்று என்ன எழுதினோம் என்றும் பார்க்காதீர்கள். புதுப் பக்கத்தில் எழுதுங்கள். அல்கோல் ஒழுங்கான கால இடைவெளியில் மங்குவதை 1783இல் அறிவித்த ஜோன் குட்ரிக் காது கேளாதவர், வயது 18. அவரிடம் அட்டவணை ஏது?

அன்று இன்னொரு பிழையும் விட்டேன். பக்கத்தில் இருந்த ரோ பெர்சியை என்ற விண்மீனோடு மட்டும் ஒப்பிட்டு, 'அதைவிடக் கொஞ்சம் பிரகாசம்' என்று முடிவு கட்டினேன். ரோ பெர்சியையே ஒரு மாறும் விண்மீன், சுமார் 3.3க்கும் 4.0க்கும் இடையில் ஆடும். ஆடுகிற தராசில் நிறுத்தேன் என்று வையுங்கள். அதோடு, மங்கலான ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டால் 'கொஞ்சம்' என்பதை மனம் விரும்பியபடி நீட்டலாம், சுருக்கலாம். பிரகாசமான ஒன்று, மங்கலான ஒன்று என இரண்டு வேண்டும்.

ஆவணி, புரட்டாதியில் திருவோணம் தலைக்கு மேல் வரும்போது பழகிப் பாருங்கள். திருவோண விண்மீனான அல்டயருக்கு நேர் தெற்கே ஈற்றா அக்குயிலே என்ற மாறும் விண்மீன் இருக்கிறது. ஏழு நாளுக்குச் சற்றுக் கூடிய சுற்றில் அது கூடிக் குறையும். இரண்டுக்கும் இடையில் பீற்றா அக்குயிலே, பொலிவெண் 3.7. ஈற்றாவுக்குத் தென்மேற்கே அயோற்றா, 4.4. பீற்றாவுக்கும் அயோற்றாவுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை ஏழு பங்காக நினையுங்கள். ஈற்றா பீற்றாவிலிருந்து மூன்று பங்கு இறங்கித் தெரிகிறதா? சரி, 4.0. சில நாள் பீற்றாவையே மிஞ்சி நிற்கும். அன்றைக்கு ஒப்பிட 3.2 பொலிவெண் உள்ள தீற்றா அக்குயிலேயை எடுங்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். ஈற்றா கரினே என்ற மாறும் விண்மீன் யாழ்ப்பாணத்தில் தெற்கே 20 பாகை அளவுக்குத்தான் ஏறும். அவ்வளவு தாழ்வில் வளிமண்டலமே அரைப் பொலிவெண் அளவுக்குத் தின்றுவிடும். அதே உயரத்தில் நிற்கும் விண்மீனோடுதான் அதை ஒப்பிட வேண்டும். சுன்னாகம் பக்கம் இருந்து பார்த்தால் தெற்கே நகரத்து வெளிச்சமும் சேரும். பண்ணைப் பாலத்தில் நின்றால் கடல்நீரேரிக்கு மேலே பார்க்கலாம்.

சிவப்பு விண்மீனை முறைத்துப் பார்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குள் பிரகாசம் ஏறிக்கொண்டே போகும். திருவாதிரை 2020 பெப்ரவரியில் 1.6 வரை மங்கியபோது ஒரே இரவில் இரண்டு பேர் இரண்டு எண் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு பார்வை, அப்புறம் வேறு பக்கம் திரும்பி, மறுபடி ஒரு பார்வை. போன் திரையைப் பார்த்தால் கண் இருளுக்குத் திரும்பப் பழக அரை மணி நேரம் போய்விடும்.

நேரத்தை உலக நேரத்தில் எழுதும்போது திகதியும் மாறும் என்பதை மறந்துவிடுகிறோம். எங்கள் 12ஆம் திகதி அதிகாலை ஒரு மணி, உலக நேரத்தில் 11ஆம் திகதி 19:30. நாட்களை மாதம், ஆண்டு இல்லாமல் ஒரே தொடராக எண்ணும் ஜூலியன் நாள் கணக்கு எங்களுக்கு வசதி: அது மாறுவது உலக நேரம் நண்பகல், அதாவது எங்கள் மாலை ஐந்தரை. யாழ்ப்பாணத்து இரவு முழுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்.

தேடிய விண்மீன் தெரியவே இல்லையா? அதையும் எழுதுங்கள், தெரிந்தவற்றில் ஆக மங்கலானது எது என்ற குறிப்போடு. எழுதியதை அழிக்கவும் வேண்டாம். என் கொப்பியில் அந்த 3.2 இன்னும் இருக்கிறது. பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'உலக நேரம் 16:00' என்று மட்டும் திருத்தியிருக்கிறேன்.