காலையில் விரல் மடங்கவில்லையா? முடக்குவாதமா என்று பாருங்கள்

நான் தையல்காரி. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (ஆர்.ஏ.) என்கிற மூட்டு நோய், எனக்கும் உண்டு. தைத்துத் தைத்து வலிக்கிற கைக்கும் முடக்குவாதக் கைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். வேலையால் வரும் வலி ஓய்வெடுத்தால் தணியும். முடக்குவாதமோ ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த பிறகுதான் அதிகமாக இறுக்கும். ரவிக்கைக் கொக்கி மாட்ட வராது, டம்ளர் பிடிக்க வராது. இந்த இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரம் தாண்டியும் விடவில்லை என்றால் கவனியுங்கள்.

அப்புறம் இடத்தைப் பாருங்கள். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள், நடுக்கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி, பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வீங்கும். நகத்தை ஒட்டிய கணுவில் மட்டும் புடைப்பு இருந்தால் அது அநேகமாகத் தேய்மானம். சிக்குன்குனியா வந்து போன பிறகும் மாதக்கணக்கில் இப்படி வீங்கலாம். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீக்கம் சில வாரம் நீடித்தாலே ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டுவாத நோய் டாக்டரைப் பாருங்கள். நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் இது. தைலமும் வலி மாத்திரையும் அந்தத் தாக்குதலை நிறுத்தாது. முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் எலும்பு அரிப்பதைப் பெருமளவு தடுக்கலாம். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இருக்கலாம், அதோடு விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தாக்குதலை அடக்கத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த நோய்க்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை, தினசரி காலண்டர் தாளில் முன்கூட்டியே வட்டம் போட்டு வைத்துவிடுவேன். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை டாக்டர் சொன்ன வேறு நாளில். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், நடுவில் கைவிடாதீர்கள். கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். மது கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்னதாகவே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் அடுத்த வேளை மருந்துக்கு முன் அவரிடம் கேளுங்கள்.

வீட்டில், எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மெதுவாக மடக்கி விரியுங்கள். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஈரத்துணியை முறுக்கிப் பிழியாமல் அப்படியே கொடியில் போடுங்கள். குக்கரை இரண்டு கையாலும் தூக்குங்கள். தையல்காரர்களுக்கு, தானே விரிகிற ஸ்பிரிங் கத்தரி கிடைக்கிறது. பெருவிரலுக்குப் பெரிய நிம்மதி.