சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பவர்களுக்கு

இலங்கை மலையகத்தின் பழைய லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்ற அறை ஒன்றும் அதன் முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணையும்தான். சம்பள நாள் இரவில் அப்பா குடித்துவிட்டு வந்து சண்டையிட்டால், பிள்ளை எழுந்து போக வேறு அறை கிடையாது; கம்பளியை இழுத்துப் போர்த்தி, சுவர்ப் பக்கம் திரும்பி, தூங்குவதுபோல் கிடப்பதே அவனால் முடிந்தது. முப்பது வயதில், மனைவி குரலை உயர்த்தியதும் அதே பையன் பேச்சை நிறுத்திச் சுவர்ப் பக்கம் திரும்பும்போது, இவனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்கிறார்கள். அன்று அவனைக் காப்பாற்றிய வழி இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆகவே, சிறு வயதில் நீங்கள் எப்படித் தப்பித்தீர்கள் என்பதை முதலில் கண்டுகொள்ளுங்கள். அம்மா வீட்டு வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போக, அம்மாயியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) வளர்ந்தவர், மனைவி இரண்டு நாள் தாய் வீட்டுக்குப் போனாலே நிலைகொள்ளாமல் பத்து முறை தொலைபேசியில் அழைக்கலாம். பன்னிரண்டு வயதில் கொழும்புக் கடையொன்றில் வேலைக்கு விடப்பட்டவர், கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும் என்று பழகியதால், சொந்த வீட்டிலும் எதையும் கேட்காமல், கேட்காதது கிடைக்கவில்லையே என்று உள்ளுக்குள் கோபப்படலாம். அம்மா போனது வறுமையால் என்பதும், அவர் போனது உங்களுக்கு வலித்தது என்பதும் ஒருங்கே உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்தது சண்டை நேரம். நெஞ்சு படபடத்து, காது அடைத்தாற்போல் ஆகிவிட்டால் அதன்பின் எந்த நியாயமும் மூளையில் ஏறாது. உடம்பு அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். அப்போது பேசாமல் வெளியேறாதீர்கள். "எனக்குப் படபடன்னு வருது, பீலிக்கரை வரைக்கும் போயிட்டு வாரேன், வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கும் அந்தப் பீலிக்கரைக்குப் போங்கள். மெதுவாக நடந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னபடி திரும்பி வருவதுதான் இதில் முக்கியம். வராவிட்டால், விட்டுவிட்டுப் போகிறார் என்ற பயத்தை மனைவிக்கும் கொடுத்துவிடுவீர்கள். போகிற வழியில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்கும் வீடு இருந்தால் வேறு வழியில் நடப்பது நல்லது. இளமையில் பட்ட துன்பங்களின் வகைகள் கூடக்கூடப் பிற்காலத்தில் குடியும் மனச்சோர்வும் கூடுவதை 1998இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது.

பழையவற்றைச் சொல்ல வாய் வராவிட்டால் எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் சோதித்த முறை எளிமையானது: நாளுக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், மனதில் கிடப்பதை நிறுத்தாமல் எழுத வேண்டும். பிழை பார்க்க வேண்டாம். லயத்தில் ஒளித்துவைக்க இடமில்லையே என்பவர்கள் எழுதி முடித்ததும் தாளை அடுப்பில் போட்டுவிடலாம். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள்.

மனைவியிடம் சொல்வதானால், சண்டையில்லாத ஒரு மாலையில், ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் கை நீட்டியதற்குப் பழைய வலியைச் சாட்டாகக் காட்டக் கூடாது. வீட்டில் உங்களைக் கண்டு பயம் இருக்குமானால், இந்த வழிமுறைகள் மட்டும் போதாது; உதவி தேடுவதே முதல் வேலை. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவி எண் 1926. பெண்களுக்கான உதவி எண் 1938. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்குகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பக்கத்துக் காம்பராவில் பைத்தியம் என்று பேசுவார்களோ என்ற தயக்கம் எனக்கும் புரிகிறது; டவுனுக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறியவர்கள் நிறையப் பேர்.

பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் செய்ய வேண்டும். சண்டை ஓய்ந்த பிறகு, கம்பளிக்குள் சுவரைப் பார்த்துக் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா சத்தம் போட்டது உன்னாலே இல்லை" என்று சொல்லுங்கள். தூங்குகிறானே என்று விட்டுவிடாதீர்கள், தூங்கியிருக்க மாட்டான்.