தேங்காய் எண்ணெய் உறைந்தபோது நான் செய்தது

மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் நான், தொடக்கத்தில் இன்ஸ்டாகிராமில் கலப்படமற்றது என்ற வாசகத்துடன் பாட்டில் படங்களை மட்டுமே பதிவிட்டு வந்தேன். ஒரு மார்கழியில் பெங்களூருக்கு அனுப்பிய தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிட, அதை வாங்கிய அம்மையார் மெழுகு கலந்திருப்பதாகப் பதிவின் கீழேயே எழுதினார். அன்று மாலைக்குள் மூவர் ஆர்டரை ரத்து செய்தனர்.

அதை நீக்கிவிடவே முதலில் கை போனது. ஆனால் நீக்கினால் சந்தேகம் உறுதியாகிவிடும் என்பதால், தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இயல்பாகவே உறையும் என்று அங்கேயே விளக்கி, வெந்நீரில் வைத்த பாட்டிலில் ஓரம் முதலில் இளகி, நடுவிலிருந்த வெள்ளைக் கட்டி மெல்லச் சிறுத்துக் கரைவதைப் படமெடுத்து இணைத்தேன். பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னேன்.

அதன் பிறகு செக்கு ஓடும் நாள்களையே பதிவிடுகிறேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.5 கிலோ பருப்பு தேவை என்ற விலைக்கணக்கு, எள்ளுடன் கருப்பட்டி சேர்க்கும் காட்சி, அடியில் மண்டி படிவதன் காரணம், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. என்னைக் கேட்டால், விலைக்கணக்கைத் திறந்து வைத்ததுதான் பெரிய மாற்றம்.

அந்த அம்மையார் பணத்தைத் திரும்பப் பெறவில்லை. அடுத்த மார்கழியில், கரண்டியால் எடுக்க வசதியாக அகன்ற வாயுள்ள டப்பாவில் அனுப்புமாறு கேட்டு மீண்டும் வாங்கினார்.