இங்கிலாந்தில் காவல் ஆணையர் தேர்தல்: வேட்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல் மற்றும் குற்றவியல் ஆணையரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2012 நவம்பரில் நடந்த முதல் தேர்தலிலிருந்து வேட்பாளர்களுக்குப் பின்னால் நின்று மனு நிரப்புவது, கையெழுத்து திரட்டுவது, துண்டறிக்கை எழுதுவது என்று வேலை செய்துவருகிறேன். அன்று நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் புதியவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மனுவில் தேதி தவறுவது, ஒரு பெட்டி நிரப்பாமல் விடுபடுவது போன்றவற்றைத் தேர்தல் அலுவலகமே சுட்டிக்காட்டிவிடும். யாரும் சுட்டிக்காட்டாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

"நான் சிறைக்குப் போனதில்லையே" என்று நிம்மதியாக இருப்பது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

இந்தப் பதவியை உருவாக்கிய 2011ஆம் ஆண்டுச் சட்டம், சிறைத்தண்டனை விதிக்கத்தக்க எந்தக் குற்றத்திலாவது குற்றவாளி என்று தீர்ப்பானவர் ஆணையராக முடியாது என்கிறது. சிறைக்குப் போனாரா என்பது கேள்வியே அல்ல. வெறும் அபராதத்தோடு வழக்கு முடிந்திருக்கலாம். அந்தக் குற்றத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இடம் தருகிறதா என்பது மட்டுமே கணக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கடையில் திருடியது, கைகலப்பில் ஒருவரை அடித்தது எல்லாம் இதில் அடங்கும். சிறுவயதில் நடந்ததும் அடங்கும். சில ஆண்டுகள் கழிந்தால் பழைய தண்டனையை வேலை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டியதில்லை என்ற சலுகை இங்கே உதவாது. தடை ஆயுள் முழுவதற்கும்தான்.

நாடாளுமன்ற உறுப்பினருக்குக்கூட இவ்வளவு கடுமையான விதி கிடையாது. ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்று அதை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அங்கே தடை. ஆக, பழைய அபராதம் ஒன்று உள்ளவர் பிரதமராகலாம். காவல் ஆணையராக முடியாது. கட்சி வேலையில் ஊறியவர்கள் ஏமாறுவது இங்கேதான். உள்ளூர் கவுன்சில் தேர்தலில் பலமுறை நின்றவரிடம் பழைய வழக்கைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக் கையெழுத்திட்டுவிடுகிறார்.

2012இலேயே பாடம் கிடைத்தது. ஏவன் அண்டு சாமர்செட் பகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக அறிவிக்கப்பட்ட பாப் ஆஷ்ஃபோர்ட், 1966இல் தன் 13ஆம் வயதில் பெற்ற ஒரு சிறு அபராதத்துக்காக விலக நேர்ந்தது. இளம் குற்றவாளிகளைத் திருத்தும் பணியில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். அந்த விதி நியாயமா என்று வாதிடலாம். நான் நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அது சட்டம், மாறவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வில்ட்ஷயரில் இதைவிடப் பெரிதாக நடந்தது. 2021 மே மாதத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி வேட்பாளர் ஜோனதன் சீட் மீது பல ஆண்டுகளுக்கு முந்தைய மதுபோதை ஓட்டுநர் வழக்குத் தண்டனை ஒன்று இருந்தது. வாக்குப்பதிவு முடிந்து, எண்ணிக்கைக்கு முன்புதான் அது வெளியே வந்தது. அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் வாக்குச்சீட்டில் பெயர் இருக்கிறதே! எண்ணினார்கள், அவரே வென்றார், பதவியேற்க முடியவில்லை. ஆகஸ்ட் 19 அன்று மாவட்டம் முழுவதும் மறுபடி தேர்தல். செலவு பத்து லட்சம் பவுண்டைத் தாண்டும் என்று மதிப்பிட்டார்கள். அத்தனையும் பொதுப் பணம். பழைய வழக்கைக் கட்சியிடம் முன்பே சொல்லிவிட்டதாக சீட் கூறினார். மனுவில் பொய்யாகக் கையெழுத்திட்டதாக அவர் மீது தொடரப்பட்ட வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது.

என் எரிச்சல் வேட்பாளர்கள் மீதைவிட, அவர்களைச் சுற்றி நிற்பவர்கள் மீதுதான். தேர்தல் அதிகாரி யாருடைய குற்றப் பதிவையும் தோண்டிப் பார்ப்பதில்லை. "எனக்குத் தகுதித்தடை இல்லை" என்று வேட்பாளர் கையெழுத்திட்டால் மனுவை ஏற்றுக்கொள்வார். அதை ஒரு சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் அவருடைய உதவியாளர்கள் "சிறைக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலோடு முன்மொழிபவர்களின் கையெழுத்தை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். நான் போய், எந்த வயதிலாவது, எந்த நீதிமன்றத்திலாவது உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததா என்று கேட்டேன். கல்லூரிக் காலத்தில் கடையில் எதையோ எடுத்துப் பிடிபட்டு அபராதம் கட்டிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அன்றோடு அவருடைய பிரசாரம் முடிந்தது.

எனவே கேட்கும் விதத்தை மாற்றுங்கள். முதல் சந்திப்பிலேயே, துண்டறிக்கைக்குப் படம் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். சின்னதாக எது இருந்தாலும் தேர்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வேக வரம்பை மீறியதற்கான சாதாரண அபராதம் தடையாகாது. ஆபத்தான முறையில் ஓட்டியதற்கான தண்டனை தடையாகும். இந்த எல்லைக்கோட்டை நீங்களாக ஊகித்து வரையாதீர்கள்.

திருடனைப் பிடிப்பேன் என்று வாக்குறுதி தருவது

சென்னை போலீஸ் கமிஷனரைப் போலச் சீருடை அணிந்து படையை நடத்துபவர் அல்ல இவர். படையை நடத்தும் தலைமை அதிகாரியான சீஃப் கான்ஸ்டபிளை நியமிப்பது, காவல் பட்ஜெட்டை முடிவு செய்வது, கவுன்சில் வரியில் காவலுக்கான பங்கை நிர்ணயிப்பது, பகுதிக்கான காவல் திட்டத்தை வகுப்பது, பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைகளுக்கு நிதி தருவது: இவைதான் வேலை. யாரைக் கைது செய்வது, எந்த வழக்கை விசாரிப்பது என்று ஆணையர் உத்தரவிட முடியாது. "உங்கள் தெரு முனையில் போலீஸ்காரர்" என்று அச்சிடுகிறவர், இல்லாத அதிகாரத்தை விற்கிறார்.

சீஃப் கான்ஸ்டபிளை நினைத்தவுடன் அனுப்பிவிடலாம் என்று நம்புவது

லிங்கன்ஷயரில் 2013இலும் சவுத் யார்க்‌ஷயர் விவகாரத்தில் 2017இலும் ஆணையர்களின் இடைநீக்க முடிவுகள் உயர் நீதிமன்றத்தில் தோற்றன.

ஆணையரை அனுப்புவதும் எளிதல்ல. ரோதர்ஹாம் சிறார் பாலியல் கொடுமை அறிக்கை 2014இல் வந்தபோது, சவுத் யார்க்‌ஷயர் ஆணையர் ஷான் ரைட் விலக வேண்டும் என்று உள்துறை அமைச்சரே சொன்னார். அவராக விலகும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேற்பார்வைக் குழு கண்டிக்கலாம், கேள்வி கேட்கலாம்; பதவியைப் பறிக்க முடியாது. பிரசாரக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.

மக்களுக்குத் தேர்தல் நடப்பது தெரியும் என்று எண்ணுவது

2012இல் வாக்களித்தவர்கள் சுமார் 15 சதவீதம். நியூபோர்ட்டில் ஒரு வாக்குச்சாவடியில் ஒருவர்கூட வரவில்லை. வேட்பாளர்களின் துண்டறிக்கைகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பும் வசதி அன்று தரப்படவில்லை. பெரிய காவல் பகுதியில் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. கவுன்சில் தேர்தலும் அதே நாளில் நடக்கும் ஊர்களை முதலில் பிடியுங்கள்.

இந்திய, இலங்கைக் குடிமக்களை விட்டுவிடுவது

இங்கே முறையாக வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வாக்களிக்கலாம். நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. பதிவு செய்யச் சொல்லுங்கள். புகைப்பட அடையாள அட்டையோடு வரவும் சொல்லுங்கள்.

லண்டனில் வாக்குக் கேட்பது

அங்கே இந்தத் தேர்தலே இல்லை. பொறுப்பு மேயரிடம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இந்தப் பதவியே கிடையாது.

இரண்டாம் விருப்ப வாக்கை நம்பிக் கணக்குப் போடுவது

முன்பு வாக்காளர் இரண்டாவதாக ஒருவரையும் தேர்ந்து குறிக்கலாம். 2024 தேர்தல் அது இல்லாமலே நடந்தது.

5,000 பவுண்டைக் கடன் வாங்கிக் கட்டுவது

5 சதவீத வாக்கு கிடைக்காவிட்டால் டெபாசிட் திரும்பாது.

பதவியே போகிறது, இனி எதற்கு என்று இருப்பது

2028 மே மாதத்தோடு ஆணையர் பதவியை முடித்துக்கொள்ளப் போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. அதற்குள் யாராவது விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் வரலாம். அதன் பிறகும் காவல் அதிகாரம் பல இடங்களில் மேயர்களிடம் போகும். கிரேட்டர் மான்செஸ்டரிலும் வெஸ்ட் யார்க்‌ஷயரிலும் ஏற்கெனவே போய்விட்டது. அந்த அதிகாரம் உள்ள மேயர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்க முடியாது. 2021இல் வெஸ்ட் யார்க்‌ஷயர் மேயரான டிரேசி பிராபின் தன் நாடாளுமன்ற இடத்தை விட வேண்டியிருந்தது. பேட்லி அண்டு ஸ்பென் தொகுதியில் அதே ஆண்டு ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது.