லினக்ஸ் டீபக்கரை விண்டோஸில் கம்பைல் செய்தது: என் அனுபவம்

லாஸ்பேட்டையில் என்னிடம் சி மொழி படிக்க வரும் பிள்ளைகளின் லேப்டாப் எல்லாமே விண்டோஸ்தான், அதனால் லினக்ஸில் நான் பயன்படுத்தும் சின்ன ஓப்பன் சோர்ஸ் டீபக்கரை (புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேடும் கருவி) அதிலும் ஓட வைத்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

புதிய பிராசஸை (ஓடும் புரோகிராமை) உருவாக்கும் ஃபோர்க், இன்னொரு பிராசஸைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் பிடிரேஸ் என்ற லினக்ஸ் அழைப்புகள் இரண்டுமே விண்டோஸில் கிடையாது. அந்த அழைப்புகளை ஒரே ஃபைலுக்குள் ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதில் புரோகிராமைத் தொடங்கும் விண்டோஸ் அழைப்பான கிரியேட்பிராசஸை டீபக் ஃப்ளாக்கோடு அழைத்து, டீபக் நிகழ்வுக்காகக் காத்திருக்கும் வெயிட்ஃபார்டீபக்ஈவென்ட் லூப்பில் நிகழ்வுகளை வாங்கினேன். மெமரியைப் படிக்க ரீட்பிராசஸ்மெமரி. சரி, கம்பைல் ஆனது, ஆனால் பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்கவேண்டும் என்று நாம் குறிக்கும் இடம்) எதிலும் நிற்கவில்லை. தோண்டிப் பார்த்தால், 64 பிட் லினக்ஸில் லாங் என்ற எண் வகை 8 பைட், 64 பிட் விண்டோஸிலோ 4 பைட்தான், அதில் வைத்த மெமரி முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. முகவரி வைக்கும் லாங்கை எல்லாம் முகவரி முழுதாக அடங்கும் யூஇன்ட்பிடிஆர்_டி வகையாக ஆக்கியதும் கச்சிதமாக நின்றது.

அப்புறம், புரோகிராம் தொடங்கும்போது விண்டோஸே ஒரு பிரேக்பாயின்ட் நிகழ்வை அனுப்பும். அது நாம் வைத்ததல்ல, 'தொடர்ந்து ஓடு' என்று சொல்லும் டிபிஜி_கன்டினியூ கொடுத்துத் தாண்டவிடுங்கள்.