கண்மாய்க் கரையைப் பார்த்துத் தலப்படம் படிப்பது எப்படி? மேல்நிலைப் புவியியல் மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மேல்நிலை வகுப்பில் புவியியல் படிக்கும் பிள்ளைகளில் பலர் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணுக்கு அஞ்சுவதில்லை. செய்முறைத் தேர்வின் 20 மதிப்பெண்ணைக் கண்டுதான் தயங்குகிறார்கள். அதிலும் தலப்படம், அதாவது ஒரு பகுதியின் மேடுபள்ளம், நீர்நிலை, சாலை, ஊர் எல்லாவற்றையும் காட்டும், பள்ளியில் எல்லாரும் 'டோப்போ ஷீட்' என்றே சொல்லும் அந்தப் பெரிய தாள், மேசைமேல் விரிக்கப்பட்டதும் எங்கே தொடங்குவது என்றே தெரிவதில்லை. பயிற்சிக்குக் கிடைக்கும் தாள் பெரும்பாலும் கண்ணால் கண்டறியாத ஏதோ ஒரு மலைப்பகுதியுடையதாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே செட்டிநாட்டுப் பிள்ளைகள் தம் ஊர் இருக்கும் தாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. தட்டையான நிலத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான்காம் படியில் விடை இருக்கிறது.

கூர்மையான பென்சில், அளவுகோல், கொஞ்சம் தையல் நூல், கிராஃப் தாள், முடிந்தால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் ஊரின் தாள் எண்ணைக் கண்டுபிடித்தல்

இந்திய நில அளவைத் துறை 1767-இல் தொடங்கப்பட்டது. அத்துறையின் பழைய எண்முறையே இன்றும் பள்ளிப் பயிற்சியில் புழங்குகிறது. இதில் 4 பாகை அகலமும் 4 பாகை உயரமும் கொண்ட பெருங்கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80 வரையிலும், வட அட்சம் 8 முதல் 12 வரையிலும் உள்ள கட்டத்தின் எண் 58. காரைக்குடி இதற்குள் அடங்குகிறது. இந்தக் கட்டத்தை ஒரு பாகை அளவுள்ள 16 கட்டங்களாகப் பிரித்து, ஆங்கிலத்தின் முதல் 16 எழுத்துகளை இட்டிருக்கிறார்கள். இங்கேதான் தொடக்க மாணவர்கள் தவறுகிறார்கள். எழுத்துகள் நாம் புத்தகம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாகச் செல்வதில்லை. வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக நான்கு கட்டம் இறங்கி, பிறகு அடுத்த நிரலின் உச்சிக்கு ஏறுகின்றன. இப்படி எண்ணிக்கொண்டு வந்தால் 78 முதல் 79 பாகை வரையுள்ள மூன்றாம் நிரலில், 10 முதல் 11 பாகை வரையுள்ள கட்டத்துக்கு 'ஜே' என்ற எழுத்து வரும்.

அந்த 'ஜே' கட்டத்தையும் 15 கலை (60 கலை ஒரு பாகை) அளவுள்ள 16 சிறு கட்டங்களாக, அதே வரிசையில், 1 முதல் 16 வரை எண்ணுங்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை 4 கலை வடக்கிலும், 78 பாகை 47 கலை கிழக்கிலும் இருப்பதால் கடைசி நிரலின் அடிக்கட்டத்தில் விழுகிறது; எனவே தாள் எண் 58 ஜே/16. கானாடுகாத்தானும் இதே தாளில்தான். தேவகோட்டையோ 10 பாகைக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் 58 கே/13-க்குப் போய்விடுகிறது. ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருக்கும் பங்காளிகளைப் போல, பக்கத்து ஊர்தான், ஆனால் எழுத்தும் வேறு, எண்ணும் வேறு. உங்கள் ஊருக்கும் இந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: அளவை

1:50,000 என்னும் பிரதிபின்னத்துக்கு, அதாவது படத்தின் நீளத்துக்கும் நிலத்தின் நீளத்துக்கும் உள்ள விகிதத்துக்கு, தாளில் 2 சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர் என்று பொருள். இந்த அளவையில் ஒரு முழுத்தாள் மேலிருந்து கீழாக ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் இருக்கும். அதாவது நிலத்தில் 27 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் ஜெராக்ஸ் கடையில் இந்தத் தாளை ஏ4 அளவுக்குச் சுருக்கி எடுத்துவந்து, அதன்மேல் அளவுகோலை வைத்து 2 சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். சுருங்கிய படியில் அந்தப் பின்னம் பொய்யாகிவிடும். தாளில் கோடாக வரைந்து கிலோமீட்டர் குறித்திருக்கும், படத்தோடு சேர்ந்து தானும் சுருங்கும் கோட்டளவையை மட்டுமே அப்போது நம்ப வேண்டும். வளைந்து செல்லும் சாலையை அளக்க, நூலை நனைத்துச் சாலையின்மேல் படியவைத்து, பிறகு அதைக் கோட்டளவையில் நீட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஆறிலக்கக் குறிப்பு

கட்டக் கோடுகள் அச்சிட்ட பயிற்சித் தாளில் ஓர் இடத்தைக் குறிக்க, முதலில் இடமிருந்து வலமாகச் சென்று நிலைக்குத்துக் கோட்டின் எண்ணையும், பிறகு கீழிருந்து மேலாகச் சென்று கிடைக்கோட்டின் எண்ணையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்றாவது இலக்கம், கட்டத்தைப் பத்தாகப் பங்கிட்டு மதிப்பிடுவது. பதினோராம் வகுப்பில் நான் இந்த வரிசையை மாற்றி எழுதி, ஒரு ரயில் நிலையத்தைக் கண்மாயின் நட்டநடுவில் இறக்கிவிட்டேன்.

நான்காம் படி: நிறங்களும் நிலத்தின் சாய்வும்

நீலம் நீரையும், பச்சை காட்டையும், மஞ்சள் பயிர்நிலத்தையும், சிவப்பு குடியிருப்புகளையும் சாலைகளையும், பழுப்பு சம உயரக் கோடுகளையும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) குறிக்கும். ரயில் பாதையும் ஊர்ப்பெயரும் கறுப்பு. ஓடையும் கறுப்பில் இருந்தால் அது ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பது என்று கொள்ள வேண்டும்.

இந்தத் தாள்களில் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். மலைப்பகுதித் தாளில் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் இருக்கும் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில், குன்றக்குடி போன்ற தனிக்குன்றுகளை விட்டால், பழுப்புக் கோடுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே பல கிலோமீட்டர் வெற்றிடம் இருக்கும்போது நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று எப்படிச் சொல்வது?

கண்மாய் சொல்லும். ஏதேனும் ஒரு கண்மாயின் உருவத்தை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு பிறைபோல் ஒழுங்காக வளைந்தும், எதிர்ப்பக்க விளிம்பு ஒழுங்கின்றிக் கிழிந்த துணிபோலும் இருக்கும். ஒழுங்கான விளிம்பு மனிதர் கட்டிய கரை. கிழிந்த விளிம்பு நீர் பரவி நிற்கும் இடம். நீரைத் தடுக்கும் கரையைப் பள்ளத்துப் பக்கம்தான் கட்டுவார்கள் என்பதால், பிறையின் வெளிவளைவு எந்தத் திசையை நோக்குகிறதோ அதுவே சரிவின் திசை. கரைக்கு அப்பால் மஞ்சள் நிற ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் வயல், இருந்தால் உங்கள் ஊகம் உறுதியாகிவிடும். ஒரு கண்மாயின் கலிங்கிலிருந்து, அதாவது மிகைநீர் வெளியேறும் வாயிலிருந்து, வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போவதால், இப்படிப் பத்துக் கண்மாய்களுக்கு அம்புக்குறி இட்டுப் பாருங்கள். பெரும்பாலான அம்புகள் தென்கிழக்கை நோக்கி அணிவகுத்து நிற்கும். மணிமுத்தாறும் பாம்பாறும் ஓடும் திசையும் அதுதான். கரையை ஒட்டி '3' என்ற எண்ணும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் அச்சாகியிருந்தால், அக்கரை சுற்றியுள்ள நிலத்தைவிட 3 மீட்டர் உயரம் என்று பொருள்; அது கடல்மட்ட உயரம் அன்று.

ஊருணியைக் கண்மாயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊரின் நடுவிலோ விளிம்பிலோ சிறிய நீலச் சதுரமாகத் தெரிந்தால் அது ஊருணியாக இருக்கும். அதைச் சுற்றி நேர்நேராக ஓடும் தெருக்கள் தெரிந்தால், திட்டமிட்டு அமைத்த கூட்டுக் குடியிருப்பு என்று காரணத்தோடு எழுதலாம்.

ஐந்தாம் படி: குறுக்குவெட்டுத் தோற்றம்

படத்தில் இரு புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்து, ஒரு காகித நறுக்கின் விளிம்பை அதன்மேல் பொருத்தி, சம உயரக் கோடுகள் வெட்டும் இடங்களை உயரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்த நறுக்கைக் கிராஃப் தாளின் அடிக்கோட்டில் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் உயரத்துக்கு ஏற்றி, வளைகோட்டால் இணைத்தால் வேலை முடிந்தது. செங்குத்தாக ஒரு சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் என்று வைத்தால் செங்குத்து அளவை 1:2,000 ஆகும். 50,000-ஐ 2,000-ஆல் வகுக்க, உயரம் 25 மடங்கு மிகைப்பட்டுத் தெரிகிறது. குன்றக்குடியை இமயம்போல் வரைந்துவிட்டு இந்த மிகைப்பாட்டைக் குறிப்பிடாமல் விட்டால் மதிப்பெண் குறையும். அடுத்தடுத்த இரு கோடுகள் 18 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், 9 கிலோமீட்டருக்கு 20 மீட்டர் இறக்கம். சரிவு விகிதம் 1:450.

ஆறாம் படி: கரையில் ஏறி நிற்றல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளோடு உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குப் போங்கள். உதிக்கும் சூரியனுக்கு வலக்கையை நீட்டி நின்றால் முகம் வடக்கைப் பார்க்கும். தாளின் மேல்விளிம்பை அந்தப் பக்கம் திருப்பி, மடை, கலிங்கு, கோயில் ஆகிய மூன்றையும் படத்தில் அடையாளம் காணுங்கள். படத்தில் நீலமாக இருக்கும் இடத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கலாம்; வெற்றிடமாக இருந்த இடத்தில் புதிய நகர் ஒன்று முளைத்திருக்கலாம். படம் தவறு என்று முடிவுகட்டுவதற்கு முன், தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவாய்வு ஆண்டைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் தாள் எண்ணுக்கு அடுத்த வரியாக அதை எழுதி, நீங்கள் கண்ட மாற்றங்களை அதற்குக் கீழே குறியுங்கள்.